மெதுவாகச் சுற்றிய இரண்டு வருடம்

மூன்று வருடத்துக்கு முந்தி, நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம், கல்முனையில் நடந்தது இது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் சவூதியில், தம்மாமில், ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வீட்டில் சாரதியாக இருந்தேன். அவருக்கு ஜாஸ் இசை என்றால் உயிர். நான் அவருடைய சட்டைகளுக்கு அயர்ன் போடும்போது பக்கத்து அறையில் ரெக்கோட் தட்டுச் சுற்றும். முதல் வருடம் அது எனக்கு வெறும் சத்தம். மூன்றாம் வருடம் அந்தச் சத்தம் இல்லாத நாளில் அயர்ன் போடக் கை வரவில்லை. அவர் நாட்டை விட்டுப் போகும்போது ரெக்கோட் சுற்றும் மெஷினையும் முப்பது ரெக்கோட்டையும் எனக்கே தந்துவிட்டார். கார்கோவில் ஊருக்கு அனுப்பினேன். வந்து சேரும்வரை இரண்டு மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அது என் பிறவிக்குணம். காஸ் அடுப்பை மூடிவிட்டேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்க்கிற ஆள் நான்.

ஊரில் இந்த இசை பற்றிக் கதைக்க ஆளே கிடைக்காது என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் நற்பிட்டிமுனைப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் ஆசிரியர். நாங்கள் சேர் என்போம். மற்றவர் காரைதீவில் மருந்துக்கடை வைத்திருக்கும் தமிழ்த் தம்பி. என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார், வாய் சும்மா இராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடையின் பின்னறையில் கூடுவோம். அங்கே சுவரெல்லாம் ஃபோம் ஷீட்டும் ரெக்சின் உருளையும் அடுக்கியிருப்பதால் சத்தம் தெருவுக்குப் போகாது. பள்ளிவாசலுக்குப் போய்வருகிற ஆட்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ரெக்கோட் கொண்டுவருகிறவர் அட்டையைக் காட்டக்கூடாது. முதலில் கேட்க வேண்டும். கேட்டதைப் பற்றி ஆளுக்கு ஆள் கதைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டை. அதில் இருக்கும் இங்கிலீஷைச் சேர் வாசித்துத் தமிழில் சொல்வார். இந்த வழக்கத்தால்தான் எட்டாம் வகுப்புக்காரனான நானும் அவர்களுக்குச் சரிசமமாக உட்கார முடிந்தது. சேர் எப்போதும் என்னைத்தான் முதலில் கேட்பார்: “தம்பி, எப்படி?”

ஒரு பெண் பாடுகிற ரெக்கோட்டைப் போட்டால் மட்டும், இது ஆம்பிளைக் குரல் என்று மருந்துக்கடைத் தம்பி ஒவ்வொரு தரமும் அடம்பிடிப்பார். எங்கள் மூவருக்கும் மிகப் பிடித்தது நீல அட்டை போட்ட ஒரு சக்ஸபோன் ரெக்கோட். அவ்வளவு ஆறுதலாக, அவ்வளவு தாழ்ந்த குரலில் ஒரு மனிதன் வாசிப்பான். சேரின் மனைவி மௌத்தாகி ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அதை முதன்முதலில் போட்டேன். சேர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அடக்கிட்டு மையவாடியில இருந்து தனியாத் திரும்பி வாற ஒரு மனிசன்ட நடை இது.” அதற்குப் பிறகு இரண்டு வருடம், அநேகமாக எல்லா ஞாயிறும் அதை ஒருதரம் போடாமல் நாங்கள் எழும்பவில்லை. சேர் அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கொழும்பில் இப்படி ரெக்கோட் சேர்க்கிறவர்கள் கூடுகிற ஒரு வீடு இருக்கிறது. மருந்துக்கடைத் தம்பி போனில் அவர்களைப் பழக்கம் பிடித்து, கட்டுரையை வாசிக்கச் சேருக்கு ஒரு ஞாயிறு கேட்டு வாங்கிக்கொடுத்தார். மனைவி போன பிறகு சேர் புதுச் சட்டை வாங்கியது அந்தப் பயணத்துக்குத்தான்.

சேர் கொழும்பு போக இருந்த வாரம், புதன்கிழமை. மெஷினுக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் சூடாகிற மாதிரி எனக்குத் தோன்றியது. கடையெல்லாம் ஃபோம், தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று பதறி, ஃபிரிட்ஜ் திருத்துகிற என் தங்கை மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் ட்ரான்ஸ்ஃபோமரில் ஒரு பிழையும் இல்லை என்றார். பிறகு மெஷினைத் தூக்கி அடியில் இருந்த தகட்டை வாசித்தார்.

“மச்சான், இது அறுபதுல ஓடுற சாமானெல்லா. எப்பிடி இஞ்ச ஓட்டுறீங்க?”

“அதுக்குத்தானே ட்ரான்ஸ்ஃபோமர் போட்டிரிக்கி.”

“அது கரண்ட்ட கூட்டிக் கொறைக்கும். துடிப்ப மாத்தாது. சவூதில கரண்ட் ஒரு செக்கனுக்கு அறுபது துடிக்கும். நம்மட கரண்ட் அம்பது. இந்த மோட்டர் துடிப்புக்கு ஏத்தமாதிரித்தான் சுத்தும்.”

அவர் போன பிறகு ரெக்கோட்டின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, போனில் நேரம் வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் கொஞ்சமும் சுற்ற வேண்டும். இருபத்தெட்டுக்கூட முழுதாக வரவில்லை. நாலு தரம் எண்ணினேன். பிறகு மகளைக் கொண்டு அதே இசையைப் போனில் தேடி எடுத்துக் கேட்டேன். சக்ஸபோன் உயரத்தில் நின்றது. கால் தரையில் படாத மாதிரித் துள்ளிக்கொண்டு போனது. மையவாடியும் இல்லை, தனிமையும் இல்லை. யாரோ ஒரு கலியாண வீட்டுக்குப் பிந்திப்போகிற ஆள் மாதிரி இருந்தது.

இரண்டு வருடம் நாங்கள் மூன்று பேரும் கேட்டது என் மெஷினின் பிழையை. தம்மாமில் சுவருக்கு அப்பால் கேட்ட வேகம் எனக்கும் நினைவில் நிற்கவில்லை. சேர் எழுதியிருப்பதும் அதைப் பற்றித்தான். கொழும்பில் அதே ரெக்கோட்டை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் முன்னால் அவர் எழும்பி, இந்த மனிதன் எவ்வளவு ஆறுதலாக வாசிக்கிறான் என்று சொல்லப் போகிறார்.

வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று சேர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று திரும்பினேன். மறுகா போனேன். சேர் சந்தோஷமாக இருந்தார். பிளேன்டீ தந்து, “சரியான நேரத்தில வந்தீங்க தம்பி” என்று கட்டுரை முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். முடித்துவிட்டு, “எப்படி?” என்றார். என் வாய் தானாகச் சொன்னது: “நல்லாரிக்கி சேர்.”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மருந்துக்கடைத் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். இருபத்தெட்டா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“காக்கா, அப்ப அந்தப் பாட்டுக்காரி பொம்பிளதானா? நான் இவ்வளவு நாளும் ஆம்பிளக் குரல், ஆம்பிளக் குரல் எண்டு சொன்னதுக்கு, அவட குரல் அப்படி எண்டு சேர் எனக்குப் பாடம் எடுத்தாரே.”

“சிரிக்காதீங்க தம்பி. நீங்களே சேருக்குச் சொல்லிருங்க.”

“ஏலா. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரிப் போகும். மெஷின் உங்கட. நீங்கதான் சொல்லணும்.”

வீட்டில் நான் அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன். மனைவி சொன்னாள், “போய்ச் செல்லிட்டு வாங்க. இப்பிடி நடந்து நடந்து சீமெந்தத் தேச்சிராதீங்க.”

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சேரின் பஸ். நான் கட்டியிருந்த சாரனோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சேர் ஜன்னலோரம் இருந்தார், மடியில் ஃபைல். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. “வழியனுப்பவா வந்த? வாங்க, இரிங்க” என்றார். பக்கத்தில் இருந்தேன். பஸ் வெளிக்கிட்டது. நான் இறங்கவில்லை.

கொண்டக்டர் வந்தார். “எங்க?” காரைதீவு என்றேன். காரைதீவில் பஸ் திரும்பியது, நான் இறங்கவில்லை. அவர் மறுபடி வந்தார். சம்மாந்துறை என்றேன். சம்மாந்துறையும் போனது. மூன்றாம் தரம் வந்து, “என்ன காக்கா, கொழும்புக்கே போறதெண்டா ஒரே டிக்கட்டாத் தரலாமே” என்றார். அம்பாறைக்கு வாங்கினேன். சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, நீங்க எங்க போறீங்க?”

வெளியே சிறுபோகத்துக்கு உழுத வயலில் தண்ணீர் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “சேர், நம்மட மெஷின் பிழை. வந்த நாள்ல இருந்து மெதுவாத்தான் சுத்துது.” துடிப்பு, அறுபது, ஐம்பது, கடதாசித் துண்டு, இருபத்தெட்டு எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னேன். போனை எடுத்து அவர் காதில் இயர்ஃபோனை வைத்தேன்.

முழுவதையும் கேட்டார். கழற்றியதும் சிரித்தார். நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

“அப்ப அந்த மனிசன் அழவே இல்லயா? ரெண்டு வருஷமா நானெல்லா அவனுக்குத் துணையா அழுதிரிக்கன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

“எப்ப தெரியும் ஒங்களுக்கு?”

“புதன்கிழமை சேர்.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“வியாழக்கிழமை நான் வாசிச்சிக் காட்டினன்.”

“ஓம் சேர்.”

“நல்லாரிக்கி எண்டு சென்னீங்க.”

“ஓம்.”

“எது நல்லாரிந்த?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்சத் தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். “மெஷின் ரெண்டு வருஷம் பிழையாச் சுத்தின பரவாயில்ல தம்பி. அதுக்குத் தெரியா. ஒங்களுக்குத் தெரிஞ்சி மூணு நாள். நான் படிச்ச ஆள், நான் அட்டைய வாசிப்பன். கேக்கிறதுக்கு நான் ஒங்கட காதத்தான் நம்பின.”

இத்தனை நாளும் நான் பயந்தது வேறு எதற்கோ. படிக்காதவன் கையில் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைப்பார், இனி ஞாயிறுகளில் வரமாட்டார், மனைவியின் துக்கத்தை நான் கேலியாக்கிவிட்டதாக எடுப்பார் என்றெல்லாம் நூறு பயம். அந்த நூறில் அவருக்கு உண்மையிலே வலித்த ஒன்று மட்டும் இல்லை.

அம்பாறையில் இறங்கினேன். சேர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். “கவனமாப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

கொழும்பில் என்ன நடந்தது என்று மருந்துக்கடைத் தம்பிதான் பிறகு சொன்னார். சேர் ஃபைலைத் திறக்கவே இல்லையாம். எழும்பியதும் எங்கள் மெஷின் கதையைத்தான் சொன்னாராம். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருவர் நடுவிலே எழும்பித் தேநீர் எடுக்கப் போனாராம். பத்து நிமிடத்தில் முடித்து உட்கார்ந்துவிட்டாராம். பெரிய வெற்றி என்றும் இல்லை, அவமானம் என்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு சேர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. நான் லேத் பட்டறைக்குப் போய், மெஷின் வேகமாகச் சுற்ற மோட்டரின் கப்பியில் போட ஒரு பித்தளை வளையம் கடைந்து வாங்கினேன். மூன்று தரம் திருப்பிக் கொடுத்து அளவு சரிபார்த்தேன். முப்பத்துமூன்றும் கொஞ்சமும் சரியாக வந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கடைக்கு முன்னால் எந்தச் சைக்கிள் நின்றாலும் சேரோ என்று எட்டிப் பார்த்தேன். கவனம் போய் இரண்டு சீட் கவரை உள்வெளி மாற்றித் தைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு ஒன்பது மணிக்குச் சேர் வந்தார். ஒன்றும் விளக்கவில்லை, தன் கதிரையில் இருந்தார். மருந்துக்கடைத் தம்பி, ரெக்கோட்டைப் போடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். நீல அட்டையை எடுத்துப் போட்டேன். சரியான வேகம். ஒரு பக்கம் முழுவதும் யாரும் அசையவில்லை. ஊசியைத் தூக்கினேன். சேர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எப்படி?”

நல்லாரிக்கி என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெஷினைத் திருத்தியவனே நான். விழுங்கிக்கொண்டேன்.

“எனக்குப் புடிக்கல்ல சேர். பழைய மாதிரித்தான் எனக்குப் புடிச்சிரிந்த.”

அவர் நீல அட்டையைக் கையில் எடுத்தார். “எனக்கும்” என்றார். பிறகு, “ஆனா இவன் இப்பிடித்தான் வாசிச்சிரிக்கான். மறுகா ஒருக்காப் போடுங்க, பழகிப் பாப்பம்.”

மருந்துக்கடைத் தம்பி, “அதுக்கு முதல் அந்தப் பாட்டுக்காரியப் போடுங்க காக்கா, நான் அவட்ட மன்னிப்புக் கேக்கணும்” என்றார்.

எதையும் நேரத்துக்குச் சொல்ல இன்றைக்கும் எனக்குப் பயம்தான், அது போகவில்லை, இனிப் போகப்போவதும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் நம்மிடம் ‘எப்படி’ என்று கேட்பது நம்மை நம்பித் தருகிற ஒரு அமானிதம் என்பதை அந்தப் பஸ்ஸில்தான் விளங்கிக்கொண்டேன். மூன்று நாள் அதை வீணாக்கிய என்னிடமே சேர் இன்னமும் முதலில் கேட்கிறாரே, அதை நினைத்துத்தான் ஒவ்வொரு ஞாயிறும் பதில் சொல்லுமுன் ‘உண்மையா’ என்று என்னையே ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன்.