வெற்றிலைக்குள் இருந்த மஞ்சள்

யுத்தம் முடிந்த சமயம். விழுப்புரம் ஸ்டேஷனில் திண்டிவனம் ரயிலுக்காக என் மகளோடு காத்திருந்தேன். அவள் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு நிறைய வெற்றிலை வாங்கியிருந்தோம். எதிர் பெஞ்சில் இருந்தவர் கண் இமைக்கவே மாட்டார் போலிருந்தது; விரல்களெல்லாம் கறை.

"ஒரு வெத்தலை குடுங்க" என்றார்.

போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரோ அதைக் கசக்கி, சாற்றை பிளாட்டிங் பேப்பரில் பொட்டாக வைத்து, பேப்பரின் நுனி மட்டும் நனையும்படி ஸ்பிரிட் குப்பியில் தொங்கவிட்டார். ஸ்பிரிட் ஏற ஏற, பச்சையை விட்டு மஞ்சள் தனியாகப் பிரிந்து மேலே வந்தது.

"மஞ்சள்! நல்ல சகுனம்" என்றேன்.

"உதிரப்போற இலையில தெரியுமே, அந்தப் பழுப்புங்க. துளிர்லயே இருக்குது. பச்சை அதை மூடிக்கினு இருக்குது, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு என் மகளின் முகத்தையே பார்த்தார். நாங்கள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டோம்.

அவள் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் மஞ்சள் வெயிலில் வந்து நின்றால் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.