சிங்காரவேல் கட்டாமல் விட்ட அறை

சிங்காரவேல் என் சகலை. சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியே இறைக்கிற பம்ப்புக்குக் காண்ட்ராக்ட் ஆபரேட்டர். நானும் அதே ஷிஃப்ட்தான். பர்மனன்ட் ஆகாதவனுக்கு நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் ஏது? வாடகை வீடுகளில் அலுத்துப்போய், டவுன்ஷிப்புக்கு வெளியே, பம்ப் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி ஒரு மனை வாங்கினார்.

2013-ல் பிளானை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். இடம் பார்க்க வந்த ஓவர்சீயர் வெண்மதி, கரையிலிருந்து முப்பதடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டிச் சுவர் எழும்பக் கூடாது என்றுவிட்டார். மகள் நந்தினிக்கென்று சகலை பிளானில் ஆசையாகப் போட்டிருந்த அறை மொத்தமும் கோட்டுக்கு அந்தப் பக்கம்! மனுஷன் கொதித்துப் போனார்.

"இந்தத் தண்ணியே என் சுவிட்சுல வருதும்மா. எவ்ளோ ஏறும், எவ்ளோ எறங்கும்னு எனக்கா தெரியாது?"

"சுவிட்சப் போட்டு மழைய நிறுத்துவீங்களா? பின்னாடி பாருங்க, சுரங்கத்து மண்மேடு. அதுமேல பேயிற மழை பூரா இங்கதான் எறங்கும். தண்ணி வூட்டுக்குள்ள வராட்டியும் கரை கரைஞ்சிக்கினே உங்ககிட்ட வரும். நீங்க சுவர் வச்சித் தடுத்தீங்கன்னா எதிர்க்கரை வூடுங்க என்ன ஆவறது?"

நாங்கள் எல்லோரும் சகலை பக்கம்தான். எங்களுக்கு வாய்க்கால் என்றால் பம்ப் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும், அவ்வளவுதான். சகலை மூன்று மாதம் ஆள் பிடித்து அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி ஆதிலட்சுமிதான், "ரூம் கெடக்குது, எனக்கு வூடு வேணும். கோட்டுக்கு இந்தாண்ட கட்டுங்க" என்று முடித்துவைத்தார். வீடு சின்னதாயிற்று. வெண்மதியைச் சகலை திட்டாத நாளில்லை.

2015 தீபாவளிக்கு முந்தின நாள். நந்தினி பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். காலை ஷிஃப்ட்டில் இருந்தோம். மழையா அது, வானம் பொத்துக்கொண்டது! பம்ப்பை நிறுத்திவிட்டு எங்களை மேலே ஏறச் சொன்னார்கள். வீட்டுக்குப் போன் போகவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இருவரும் நடந்தோம். வழியில் வாய்க்கால் பாலத்தையே மூழ்கடித்துச் செம்மண் நிறத்தில் பாய்ந்தது. சகலை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பம்ப்பு நிக்குதுய்யா... நான் நிறுத்திட்டுதானய்யா வந்தேன்!"

அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை, ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டுக்கிட்டே போனால், கரையே இல்லை. கரையோரம் நின்ற முருங்கை மரமும் போயிருந்தது. அந்த அறை நின்றிருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. வீடு அப்படியே நின்றது. உள்ளே நந்தினி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்பிடி நனைஞ்சிக்கினு வந்து நிக்கிறீங்க?" என்றார் ஆதிலட்சுமி.

சகலை வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

நாலாம் நாள் வெண்மதி சேதக் கணக்கெடுக்க வந்தார். சகலை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நேராக முகம் பார்க்கவில்லை.

"என்னென்ன போச்சுங்க?"

"ஒரு முருங்க மரம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் இருக்காங்க."