கொல்லைக்கதவுக்கு மேலே ஒரு கேமரா

போன மழைக்காலத்தில் முந்திரிக்காட்டில் வழுக்கி விழுந்தேன். கேள்விப்பட்ட என் மகன் துபாயிலிருந்தே ஆள் ஏற்பாடு செய்து, கொல்லைக்கதவுக்கு மேலே கேமரா மாட்டிவிட்டான். படியைத் தாண்டினால் அதற்குள்ளிருந்து அவன் குரல் வரும்.

"ஆத்தா, எங்கிட்டுக் கெளம்பிட்ட? உள்ள போ."

கந்தர்வக்கோட்டைப் பக்கம் நானே நட்டு, நானே தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். கொட்டை உதிரும் மாதத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவள்தான் வழி சொன்னாள். எங்கள் வீட்டு நெட் முழுவதும் மாடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. அதில் ஃபயர்வால் என்று ஒரு காவல் உண்டாம். எதை வெளியே விடலாம், எதை விடக்கூடாது என்று கருப்புத் திரையில் வரியாக அடித்தால் அதன்படி கேட்குமாம். கேமராவை விடாதே என்று ஒரு வரி அடித்தாள். மகன், நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். நான்கு நாள் கூடையோடு போய் வந்தேன். ஐந்தாம் நாள் கரண்ட் போய் வந்தது. குரலும் வந்துவிட்டது.

"சேவ் பண்ணாம விட்டுட்டேன் அத்தை. கரண்ட் போனா எல்லாத்தையும் மறந்துரும்."

மறுநாள் காலை, திருக்கோகர்ணத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்த வரியை மறுபடி அடித்தாள். சேவ் பண்ணும் வரியைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன்.

"பஸ்ஸு வந்துரும் அத்தை, நானே தட்டிட்டு..."

"ரெண்டாப்பு படிச்சவதானேன்னு பாக்குறியா? நீ போ. நான் அடிக்கிறேன்."

ஒவ்வோர் எழுத்தையும் தாளோடு ஒப்பிட்டு, ஒற்றை விரலால் தட்டினேன். பாதியில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் கருப்புத் திரை தானாகவே வந்து நின்றது. முதலிலிருந்து தட்டி முடித்து, எண்டரை அழுத்தினேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"ஆத்தா, கூடை எதுக்கு?"

சாயங்காலம் மருமகள் வந்து பார்த்தாள்.

"ஒரு எழுத்துக்கூடத் தப்பில்ல அத்தை. ஆனா கரண்ட் போனப்பவே நான் அடிச்சது அழிஞ்சுபோச்சு. நீங்க ஒண்ணுமில்லாததைச் சேவ் பண்ணி வச்சிருக்கீங்க."

"அப்ப இப்ப அடி."

"நெட் இருக்கறப்ப கேமரா மட்டும் எப்படி நின்னுச்சுன்னு உங்க மகன் போன்ல கேட்டாரு. இன்னொரு தரம் நின்னா, கதவைப் பூட்டி என்னையச் சாவியை வச்சுக்கச் சொல்லிட்டாரு."

தாளை அவளிடம் நீட்டினேன்.

"அந்த மொத வரியையும் இதுல எழுதிக் குடு."

அவள் கேமரா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை வாங்காமலே அடுப்படிக்குப் போய்விட்டாள்.