விஜிலாவின் மைக்கை அணைத்தவர்

கீழவைப்பாரில் எங்கள் மீனவர் சங்கத்து லேப்டாப்பைப் பார்த்துக்கொள்பவள் விஜிலா. வாய் கொஞ்சம் அதிகம். சங்கத் தலைவர் தாமதமாக வந்தால் அவரையும் விடமாட்டாள். காற்று எச்சரிக்கை வந்தால் லேப்டாப்பில் மாட்டிய மைக்கில் பேசுவாள். அது கேபிள் வழியாகக் கரையிலுள்ள ஒலிபெருக்கிக்குப் போகும். கடலுக்குள் வள்ளம் தள்ளுகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அவள் தம்பி ஜெனோவும் அவர்களில் ஒருவன்.

லினக்ஸில் ஓடும் அந்த லேப்டாப்பைச் சோதிக்கத் தூத்துக்குடியிலிருந்து ஷாம் என்றொருவர் வந்தார். ப்ளூடூத்தையும் சிம் மோடத்தையும் அணைத்தார். சரி, அவற்றை யாரும் தொட்டதே இல்லை. அடுத்து, ஒலிபெருக்கிக் கேபிளை லேப்டாப்போடு இணைக்கும் அடாப்டருக்கு வந்தார்.

"இதுல ஒரு மாசமா ஒண்ணுமே போகலையே. யூஸ் பண்ணாதத ஆஃப் பண்ணணும். அதுதான் பாதுகாப்பு."

"சார், மைக்குல பேசுறது கரைக்குப் போற வழி அதுதான். காத்து வந்தாத்தான் அதுக்கு வேலை. சும்மா கெடக்குன்னு சொல்லாதிய."

அவர் காதில் வாங்கவில்லை. அதையும் அணைத்து, அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டுப் போனார். விஜிலா ஃபோன் போட்டுக் கேட்டால், "அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்மா" என்றார். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மாதம் காற்று அடிக்காதது கடவுள் செய்த நல்லது. அதற்காக மைக்கின் வாயைக் கட்டுவதா?

அடுத்த வாரமே விடியற்காலையில் எச்சரிக்கை வந்தது. விஜிலா அடாப்டரை இயக்கப் பார்த்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. ஷாம் ஃபோனை எடுக்கவில்லை. கரைக்கு ஓடினாள்.

"ஏலே, யாரும் போவாதிய! காத்து வருது!"

கேட்டவர்கள் நின்றார்கள். ஜெனோவின் வள்ளம் அதற்குள் வெகுதூரம் போயிருந்தது.

பொழுது சாயும்வரை அவள் கரையைவிட்டு நகரவில்லை. வேம்பார்ப் பக்கம் ஒதுங்கிய வள்ளத்திலிருந்து அவனை உயிரோடுதான் தூக்கினார்கள். வலது கை நசுங்கியிருந்தது. இனி வலை இழுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விசாரிக்க ஷாம் மறுபடி வந்தார். நாங்களெல்லாம் சங்க அலுவலகத்துக்கு வெளியே ஜன்னலோரம் நின்றோம். லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாகச் சொன்னார்:

"பாருங்க, அன்னைக்குக்கூட இந்த அடாப்டர் வழியா ஒண்ணும் போகல. இது தேவையே இல்ல."

விஜிலா கத்தவில்லை. "பாஸ்வேர்டப் போடுங்க" என்றாள். அவர் தயங்கினார். கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். போட்டார். அடாப்டரை இயக்கி, மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இப்ப சொன்னியல்லா சார், அதையே இதுல சொல்லுங்க. ஜெனோ வீட்டுலதான் படுத்துக் கெடக்கான். அவனுக்கும் கேக்கட்டும்."