வரப்பில் ஆடிய கேமரா

போன தை மாதம் ஒரு கல்யாண மாப்பிள்ளை ஸ்டூடியோவுக்கு வந்து, "அக்கா, கேமரா கொஞ்சம் ஆடணும். சினிமால வர்ற மாதிரி. அப்பத்தான் ரியலா இருக்கும்" என்றார். செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. நல்ல பையன்தான். ஆனால் எனக்கு வந்ததே கோபம்! "ஆட்டணும்னா நீயே புடிச்சி ஆட்டிக்கோப்பா, என் கை ஆடாது" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடமாக வீடியோ எடுக்கிறேன். எடிட்டிங்கும் நான்தான். தாலி கட்டுகிற நேரத்தில் மேடையில் நாற்பது பேர் முண்டியடிப்பார்கள். யாரோ ஒரு மாமா முழங்கையால் விலாவில் இடிப்பார். அட்சதை நேராக லென்ஸில் வந்து விழும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டவைத்து நிற்பேன். படம் ஒரு நூல் அசையாது. பொம்பளை என்ன வீடியோ எடுத்துக் கிழிக்கப் போகிறாள் என்று கேட்டவர்களுக்கு நான் வாயால் பதில் சொன்னதில்லை, அந்தக் கையால்தான் சொன்னேன்.

இப்போது டி.வி.யைப் போட்டால் எல்லாம் ஆடுகிறது. துரத்தினால் ஆடுகிறது, அடித்துக்கொண்டால் ஆடுகிறது, மாமியார் மருமகளை ஒரு வார்த்தை சொன்னால்கூட ஆடுகிறது. சென்னையில் வெப் சீரிஸ் வேலைக்குப் போகும் ஒரு தம்பி சொன்னான்: விலை உயர்ந்த கருவியில் மாட்டி ஆடாமல் எடுத்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் ஆட்டத்தைச் சேர்க்கிறார்களாம். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்த வேலைக்கு நேர்மாறானதைச் செய்தவள். நிஜமாக ஆடிய படத்திலிருந்து ஆட்டத்தை எடுத்து, எங்கள் தெருவின் தலையிலேயே மண்ணைப் போட்டவள்.

எங்கள் காலனி ஏரிக்குக் கீழே இருக்கிறது. சுடுகாடு வயல்களுக்கு அந்தப் பக்கம். ஊர்க்காரர்களின் சுடுகாட்டுக்குத் தார் ரோடு போகிறது. எங்களுடையதற்கு வரப்பு. சர்க்கார் வரைபடத்தில் வண்டி போகிற அகலத்துக்குப் பாதை உண்டு. ஆனால் இரண்டு பக்க வயலும் வருடா வருடம் தின்று தின்று, ஒரு ஆள் நடக்கிற அளவுதான் மிச்சம். அதில் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? இரண்டு பேர் வரப்பில் நடந்தால் இரண்டு பேர் சேற்றில் இறங்கியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிற கலங்கல் வழிந்துகொண்டிருந்த வாரத்தில் என் சித்தப்பா செத்துப்போனார். அவருக்கு ஒரே மகன், குவைத்தில். லீவு கிடைக்கவில்லை. "அக்கா, மண்ணு போடற வரைக்கும் எடுத்து அனுப்புக்கா. நான் நைனாவ கடைசி வரைக்கும் பாக்கணும்" என்று போனில் அழுதான்.

எங்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்கள்தான். நான் கேமராவோடு தெருமுனையைத் தாண்டினேன். பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"நீ எங்கம்மா வர? இன்னா பயக்கம் இது?"

"அவரு புள்ள பாக்கணும்னு கேக்கறான். உங்கள்ல யாருக்கு இத புடிக்கத் தெரியும்? இந்தாங்க, வாங்கிக்கோங்க. நான் வூட்டுக்குப் போறேன்" என்று கேமராவை நீட்டினேன்.

யாரும் கையை நீட்டவில்லை. நான் நடந்தேன்.

வயலில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. என் தம்பி பாடையின் முன்பக்க வலது மூலையைத் தூக்கியிருந்தான், அது சேற்றுப் பக்கம். பாதி வழியில் அவன் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சித்தப்பாவின் கை கோடித்துணியை விட்டு வெளியே வந்து தண்ணீரைத் தொட்டது. "ஐயோ, புடிங்கடா!" என்று அலறினேன். கேமரா வானத்தைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது, என் காலைப் பார்த்தது. எப்படியோ பிடித்துவிட்டார்கள். அதுவரை ஆடாத என் கை, குழி வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது.

அன்று சாயங்காலமே அதை அப்படியே அனுப்பினேன். மகன் உடனே கூப்பிட்டான்.

"நைனா தண்ணில விளுந்துட்டாராக்கா?"

"இல்லடா, புடிச்சிட்டாங்க."

"ஏங்க்கா இந்த ஆட்டு ஆடுது? நைனா குலுங்கிக்கினே போறாரே."

போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

காரியத்தன்று தெருவே உட்கார்ந்து முடிவு செய்தது. பாதையை அளந்து மீட்டுத் தரச் சொல்லி மனு கொடுப்பது, மனுவோடு என் வீடியோவையும் கொடுப்பது. இனிமேல் எந்தப் பிணமும் அந்த வரப்பில் போகக்கூடாது. அதுதான் எல்லாருடைய வாயிலும் இருந்த ஒரே பேச்சு.

நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஐயோ, இதையா அதிகாரிக்குக் காட்டுவது? என் பெயர் என்ன ஆவது? கல்யாண வீடியோவுக்குச் செய்கிறதையெல்லாம் செய்தேன். ஆட்டத்தை எடுக்கும் ஸ்டெபிலைசரைப் போட்டேன். அது படத்தின் நாலு ஓரத்தையும் வெட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். தூக்கியவர்களின் காலும் தண்ணீரும் அந்த ஓரத்தோடு போய்விட்டன. மங்கலாக இருந்த வயலுக்குப் பச்சையை ஏற்றினேன். பாடை சாய்ந்த இடத்தை முழுதாக வெட்டி எறிந்தேன். மணமேடையில் மாலை தவறி விழுந்தால் வெட்டிவிடுவோம் இல்லையா, அந்தப் பழக்கம்.

மனு கொடுத்தது எந்த அலுவலகத்தில் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கிருந்த அதிகாரி பார்த்துவிட்டு, "அடடா, நல்லா எடுத்திருக்கீங்களே! பச்சைப்பசேல்னு இருக்கு. எல்லாரும் வரிசையா போறாங்க. பாதைதான் இருக்குதேம்மா?" என்றார்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. நாங்கள் கொடுத்த வீடியோவிலேயே பாதை புழக்கத்தில் இருப்பது தெரிகிறதாம், மனுவை முடித்துவிட்டார்களாம்.

தம்பி என் போனைப் பிடுங்கி, அந்த வீடியோவை முதல்முறையாக முழுதும் பார்த்தான்.

"இன்னாக்கா இது, கல்யாண ஊர்வலமா? தண்ணி எங்க? நான் வழுக்கினது எங்க?"

"சித்தப்பாவுக்கு மரியாதையா இருக்கட்டும்னு கட் பண்ணிட்டேன்டா."

"மரியாதை இல்லாம போச்சுன்னு சொல்லத்தானே மனு குடுத்தோம்?"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. என்மேல்தான் முதலில். மறுவாரமே வெட்டாத, திருத்தாத படத்தை எடுத்துக்கொண்டு அதே அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மொத்தம் பதினோரு நிமிடம். மூன்றாவது நிமிடத்திலேயே அவர் முகத்தைத் திருப்பினார்.

"நிறுத்தும்மா, தலை சுத்துது."

"எங்களுக்கும்தான் சுத்துது சார். இன்னும் பாதி வழி கீது. பாருங்க."

நான் நிறுத்தவில்லை. பாடை சாய்ந்த இடத்தில், நான் அலறியது அந்த அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டு, "இவ்வளவு ஆடினா எதையும் நம்பி எழுத முடியாதும்மா. எங்க ஆளே வந்து நேர்ல எடுப்பார்" என்றார்.

"வரட்டும் சார். மழை விடறதுக்குள்ள அனுப்புங்க" என்றேன்.

அடுத்த வாரம் ஒருவர் வந்தார். ஒரு கையில் செருப்பு, மறு கையில் வீடியோ ஓடும் செல்போன். வரப்பில் இறங்கினார். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம். இரண்டு முறை வழுக்கினார், இரண்டு முறையும் தம்பிதான் முழங்கையைப் பிடித்தான். அந்தக் கரையில் ஏறியதும் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். வானம், தண்ணீர், அவருடைய கால் விரல்கள், மறுபடி வானம்.

"ச்சே, சரியா வரல. இன்னொரு தடவை எடுக்கறேன்."

"எத்தினி தடவ எடுத்தாலும் இதேதான் சார் வரும்" என்றேன். "நீங்க வெறுந்தோளோட வந்தீங்க. தோள்ல ஆள வச்சிக்கினு நடந்தா எப்டி இருக்கும்? இதையே ஃபைல்ல வைங்க. நல்லா கீதுன்னு யாராவது சொல்லணும்னு ஆட்டத்த மட்டும் எடுத்துடாதீங்க. அந்தத் தப்ப நான் பண்ணி முடிச்சிட்டேன்."

அவர் சேறு அப்பிய காலைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வீடியோவை அப்படியேதான் வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

கோடையில் வந்து அளந்தார்கள், கல் நட்டார்கள். வயல்காரர்கள் வாயில் என் பெயர் படாத பாடு பட்டது. ஒருத்தர் தன் மகள் கல்யாணத்துக்கு நான் கேமராவோடு வரக்கூடாது என்று முதலாளியிடமே சொன்னார். சொல்லட்டும். மண் கொட்டி, கிராவல் போட்டு, வண்டி போகிற அகலத்துக்குப் பாதை வந்துவிட்டது.

போன ஐப்பசியில் சித்தி செத்துப்போனாள். அதே மழை, அதே கலங்கல் சத்தம். மகனுக்கு மறுபடியும் லீவு இல்லை. நான் கேமராவோடு தெருமுனையைத் தாண்டினேன். மூன்று வருடத்துக்கு முன் என்னை மறித்த பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். நாலு பேரும் காய்ந்த காலோடு நடந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து, பின்னாலேயே போனேன். படம் ஒரு நூல் அசையவில்லை. அதில் நான் எந்தக் கருவியும் போடவில்லை, எதையும் வெட்டவில்லை.

அனுப்பி வெகுநேரம் கழித்துத்தான் மகன் கூப்பிட்டான்.

"அம்மா குலுங்காம போச்சுக்கா" என்றான்.