குளிர்ப்பெட்டியில் இடமில்லை என்றவர்

பேராசிரியர் நல்லைநாதன் நித்திரையில் காலமானார் என்ற செய்தி, நான் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நிற்கும்போது வந்தது. "குடுத்துவைச்ச சாவு" என்றார் பக்கத்தில் நின்றவர். நித்திரையை வைத்தே பெயரெடுத்தவருக்கு அதுவும் வாய்த்துவிட்டது. அவருடைய ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன் என்பதால் நினைவுமலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஏன் கேட்டோம் என்று பிறகு வருந்தாதீர்கள்.

இருட்டினால் மூளையில் மெலற்றோனின் சுரக்கும், அது சுரக்கும் நேரத்துக்கு ஏற்பத்தான் உடம்பு சீனியைக் கையாளும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதை அவர் விளக்கும் அழகில் குறை சொல்லமாட்டேன். போரில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது நாங்கள் தலையில் கைவைத்தோம். அவருக்கோ கொண்டாட்டம். "உலகத்திலை எந்த விஞ்ஞானிக்கும் இப்பிடியொரு இருட்டுக் கிடைக்காது, தம்பி" என்றார்.

புத்தூரில் நீரிழிவு என்னும் சீனி வருத்தக்காரரைத் தேடிப்போய், பொழுதுபட்டதும் வாயில் பஞ்சை வைத்து உமிழ்நீர் எடுத்தோம். "விளக்கை நூத்த உடனை நித்திரையோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். எல்லோரும் "ஓம் சேர்" என்று தலையாட்டுவார்கள். என் மங்கை அக்காவும் அப்படித்தான் சொன்னாள். அவர் போனபின் சிரித்தாள்.

"பங்கருக்கை குந்திக்கொண்டு ஆர் நித்திரை கொண்டது? படிச்ச மனிசன் ஆசையாக் கேக்கேக்கை இல்லையெண்டு சொல்லலாமோ?"

இதை அவரிடம் சொன்னேன். "சனத்தின்ரை வாயாலை வந்ததைத்தான் நான் எழுதலாம்" என்றார். ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழிகளில் ஊரே விழித்திருந்த காலத்தில், ஊரே உறங்கியது என்று கட்டுரை வாசித்த மேதை அவர். கைதட்டியவர்களில் உங்களில் சிலரும் இருந்தீர்கள்.

உமிழ்நீர்க் குழாய்கள் பரிசோதனைக்காக வெளிநாடு போகும்வரை குளிரில் இருக்கவேண்டும். அதற்கென்று ஆய்வுகூடத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அலைந்து திரிந்து அக்காவுக்கு வாங்கிய இன்சுலினை அதில் ஒரு மூலையில் வைக்கக் கேட்டேன். கைக்குள் அடங்கும் சின்னப் போத்தல்கள்.

"கதவைத் திறந்து திறந்து பூட்டினால் என்ரை சாம்பிளெல்லாம் பழுதாப் போயிடும். மண்பானையிலை ஈரமணல் போட்டு வையும்" என்றார்.

வைத்தோம். சித்திரை வெயிலில் மருந்து கெட்டுப்போனது. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. பிரேதத்தைத்தான் திருப்பிக் கொண்டுவந்தோம். செத்தவீட்டுக்கு வந்த பேராசிரியர் என் தோளில் கைவைத்து, "நல்லா ஒத்துழைச்ச பிள்ளை" என்றார். எங்கள் வளர்ப்பு அப்படி, என் வாயிலும் "ஓம் சேர்" என்றுதான் வந்தது.

அவர் காலமானபின், போன கிழமை, ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கும் வேலை என்னிடம் வந்தது. குழாய்கள் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை; அதே குளிர்ப்பெட்டிக்குள்தான் இருந்தன. ஒன்றில் பிளாஸ்டர் ஒட்டி, அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில், மங்கையற்கரசி, புத்தூர் என்று எழுதியிருந்தது. மருந்துக்கு இடமில்லாத பெட்டியில் அவளுடைய எச்சில் பத்திரமாகக் குளிர்ந்திருந்தது.

பேராசிரியரின் நினைவாக நான் வைத்திருப்பது அந்தக் குழாயைத்தான். அதே மண்பானையில், ஈரமணலில் வைத்திருக்கிறேன்.