உப்புப் பூத்த மூடிகள்

சாக்கடைக்கு மூடி வாங்குவது என்றால் எங்கள் நகராட்சி அலுவலகத்தில் ஒரு சின்னக் கூத்து நடக்கும். டெண்டர் போட்ட கான்ட்ராக்டர் மாதிரிக்கு ஒரு சிமென்ட் மூடியைக் கொண்டுவந்து இறக்குவார். முற்றத்தில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன் மேல் வைப்போம். ஆபீசிலேயே கனமான ஆள் எங்கள் கேஷியர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடி மேல் ஏறிக் குதிப்பார். உடையவில்லை என்றால் மாதிரி பாஸ். மாதிரி ஒருநாளும் உடைந்ததில்லை. கான்ட்ராக்டர் என்ன, இளிச்சவாயனா?

அதற்குப் பிறகு லாரியில் வந்து இறங்கும் மூடிகள் மேல் ஆபீசில் யாரும் குதித்ததில்லை. அந்த வேலையை ஊர் சனங்களுக்கு விட்டுவிட்டோம்.

அறுபதுகளின் கடைசியில் அப்படி வாங்கியதைத்தான் எங்கள் தெருவிலும் போட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் போகும் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓடும். நடக்கிறவர்களுக்கு அந்த மூடிகள்தான் பாதை. கீழே ஆளுயரக் கால்வாய். கம்பெனித் தண்ணீரெல்லாம் கறுப்பாக, ஆவி பறக்க அதில்தான் ஓடும். மூடி போடுவதற்கு முன்னால் ஒரு பன்றி உள்ளே விழுந்தது. கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு சத்தமில்லை.

முதல் மழை ஓய்ந்து வெயில் வந்ததும் மூடிகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கடற்கரை மணலில் வார்த்த சிமென்ட். எங்கள் பக்கம் வீடு கட்டும் எவனும் அந்த மணலைத் தொடமாட்டான். உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தின்றுவிடும். அடுத்த மழைக்குப் பிறகு வெள்ளைக்கு நடுவே பழுப்புக் கோடுகள் தெரிந்தன.

தினமும் விடிந்ததும் என் தங்கை மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மூடிகள் மேல்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். அப்போது அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ரோட்டு மேல நடம்மா," என்றேன்.

"லாரிக்காரன் அட்ச்சிட்டுப் பூடுவான்ணா. இது கவர்மென்ட்டு போட்ட மூடி. இன்னா ஆயிடப் போவுது?"

கவர்மென்ட்டு என்றால் அவளுக்கு நான்தான்.

ஆபீசில் டெண்டர் நிபந்தனைகளை எழுதுகிற குமாஸ்தா நான். இனிமேல் கான்ட்ராக்டர் கொண்டுவரும் மாதிரி வேண்டாம், வந்து இறங்கும் லாரியிலிருந்து நாமே ஒன்றை உருவிச் சோதிப்போம், வார்ப்பதற்கு முன்பே மணலைப் பார்ப்போம் என்று எழுதி எஞ்சினியரிடம் நீட்டினேன். நல்ல மனுஷர். கவுன்சிலில் மல்லுக்கட்டி அதைப் பாஸ் செய்ய வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு அவர் அறைக்குப் போனேன்.

"எங்க தெரு மூடியை எப்ப சார் மாத்துவோம்?"

"அது முடியாதுப்பா. புது விதி இனிமே வாங்கறதுக்குத்தான். அதெல்லாம் நல்லா இருக்குன்னு நாமளே எழுதிக் கொடுத்து வாங்கினது. உடைஞ்சாதான் மாத்த வழி."

"உடையும்போது மேல யாராவது இருப்பாங்களே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் வெளியே வரும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆத்திரம் அடங்கவில்லை. உடைந்தால்தான் மாற்றுவார்கள் என்றால் உடைத்துவிட வேண்டியதுதானே! மறுநாள் ஞாயிறு. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு எதிரே இருந்த மூடியருகே வந்தேன். ஐந்தாறு தடவையாவது ஓங்கிப் போட வேண்டியிருக்கும், தெருவே சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். தங்கை படியில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஆபீசருக்கு இன்னா, பைத்தியம் புட்ச்சிகிச்சா?"

ஓங்குவதற்குள் குழவி கையிலிருந்து வழுக்கிவிட்டது. முழங்கால் உயரம்கூட இருக்காது. விழுந்த கல் மூடியைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துருத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று விடிந்ததும் கூடையோடு அவள் மிதித்துப் போன மூடி அது. தங்கை பெரிதாகக் கூச்சல் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூச்சலைக் கேட்டுத் தெருவே ஓடிவந்தது. பெண்கள், அவர்கள் இடுப்பில் பிள்ளைகள்.

"இன்னாச்சு? யாரு வுயுந்தது?"

"எறங்குங்க! ரோட்டுக்குப் போங்க!" என்று கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஓட்டைக்குள் எட்டிப் பார்ப்பதற்காக முண்டியடித்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த மூடிகள் மேல் நின்றார்கள்.